டி-ஸ்கோர் நார்மல், மணிக்கட்டில் மாவுக்கட்டு

எலும்பு அடர்த்தி ரிப்போர்ட்டில் என் முதுகெலும்புக்கு டி-ஸ்கோர் என்ற அடர்த்தி மார்க் பிளஸ் 0.4 என்று போட்டிருக்கிறது. இடுப்புக்கு மைனஸ் 1.2. அறுபதைத் தாண்டிய பொம்பளைக்கு இது நல்ல மார்க்தான். ஆனால் அந்தக் கவரை நான் வாங்கியபோது இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு கையால் பிரிக்க வராமல் கவுண்டரில் இருந்த பெண்ணையே பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். அவள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நார்மல்தாம்மா, பயப்படாதீங்க" என்றாள்.

மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு எண்ணைக் காட்டி "சரியாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும், எதோடு ஒப்பிட்டு சரி என்று கேட்காமல் விடமாட்டேன். சர்க்கரை வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண், கிட்னி, கால், இதயம் என்று ஒவ்வொன்றையும் வருஷா வருஷம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பைப் பற்றி ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

விழுந்தது ஒரு கல்யாண மண்டப வாசலில், இங்கே உறையூரில்தான். சாப்பிட்டு முடித்துச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தேன். நாலு தப்படியில் வலது கால் செருப்பு கழன்றிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலும் செருப்புக் காலும் மேடு பள்ளமாகத் தட்டியதில் முன்னால் சாய்ந்து கையை ஊன்றினேன். மணிக்கட்டு மடங்கி, பார்க்கச் சாப்பாட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் உடையும். அயர்லாந்தில் ஆபிரகாம் காலிஸ் என்ற சர்ஜன், எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, 1814ல் எழுதி வைத்துவிட்டாராம். இன்றைக்கும் அவர் பேரில்தான் சொல்கிறார்கள், காலிஸ் ஃப்ராக்சர் என்று.

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் "திருஷ்டி" என்றார்கள், மீதிப் பேர் "புத்தூர் கட்டுக்குப் போங்க" என்றார்கள். புத்தூர் கட்டு மேல் எனக்கு மரியாதை உண்டு. என் அப்பாவுக்கு முழங்கை அப்படித்தான் சேர்ந்தது. ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கட்டு இறுகினால் மற்றவர்கள் வலிக்கிறது என்று கத்துவார்கள். நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வலி தெரியாது. உள்ளே தோல் புண்ணாகி நாற்றம் வரும்போதுதான் தெரியும். மாவுக்கட்டுக்கும் இதே கதைதான். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, விரல் நுனி நிறம் மாறுகிறதா என்று தினம் பார்க்க வீட்டில் ஒரு ஆளையும் வைத்துவிட்டு, பிறகு எந்தக் கட்டு வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள்.

எலும்பு டாக்டர் அடர்த்தி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்மா, விழுந்த வேகம் அப்படி" என்றார். சர்க்கரை டாக்டரம்மா அதே ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கேருந்து விழுந்தீங்க?"

"எங்கேருந்தும் இல்லை டாக்டர். நின்ன இடத்துலதான்."

"நின்ன உயரத்துல இருந்து விழுந்து எலும்பு உடைஞ்சா, மெஷின் என்ன சொன்னாலும் அது ஸ்ட்ராங்கான எலும்பு இல்லம்மா."

அந்த மெஷின் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்ஸா என்பது குகைக்குள் தள்ளும் ஸ்கேன் கிடையாது. மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகைப் படம் எடுக்க முழங்காலுக்குக் கீழ் ஒரு சதுரத் திண்டு வைக்கிறார்கள். இடுப்புக்கு, பாதத்தை உள்பக்கம் திருப்பி ஒரு பட்டையால் கட்டுகிறார்கள். மேலே ஒரு கை மாதிரி நகர்ந்து போகிறது, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஊக்கு, கொக்கி, செயின் எல்லாம் கழற்ற வேண்டும். அன்றைக்குக் காலையில் கால்சியம் மாத்திரை போடக்கூடாது, அது வயிற்றில் கரையாமல் கிடந்தால் படத்தில் விழும். கிடைக்கும் எண்ணை இளவயதுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிடுவதுதான் டி-ஸ்கோர். மைனஸ் 1க்கு மேல் இருந்தால் நார்மல், மைனஸ் 2.5ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை, இடையில் இருப்பது அடர்த்திக் குறைவு, என் இடுப்பு எண் அதில்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1994ல் போட்ட கோடு இது.

முதுகெலும்பு எண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயதானால் முதுகு முள்ளில் ஓரங்கள் முண்டு முண்டாக வளர்கின்றன. பெரிய ரத்தக்குழாயிலும் சுண்ணாம்பு படிகிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இந்தச் சுண்ணாம்பு கூடுதலாகவே படியும். மெஷினுக்கு அது எலும்புச் சுண்ணாம்பா ரத்தக்குழாய்ச் சுண்ணாம்பா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, எல்லாவற்றையும் கூட்டிவிடும். என் பிளஸ் 0.4ல் எவ்வளவு எலும்பு, எவ்வளவு துரு என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதனால் என் வயதுக்காரர்கள் இடுப்பு எண்ணைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி பெரும்பாலும் குறைவதில்லை. சராசரியாகப் பார்த்தால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. உடல் எடையைத் தாங்கித் தாங்கி எலும்பு அடர்த்தியாகிறது, ரத்தத்தில் இன்சுலின் வருஷக்கணக்கில் அதிகமாக ஓடியதும் ஒரு காரணம் என்கிறார்கள். அப்படி இருந்தும் இடுப்பு முறிவது சர்க்கரை இல்லாதவர்களைவிட அதிகம். ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறது, சுமார் 1.3 மடங்கிலிருந்து 1.7 மடங்குவரை சொல்கிறார்கள். ஆபீஸில் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் ரொக்க இருப்பு பைசா பிசகாமல் டேலி ஆகும், பெட்டியைத் திறந்தால் கட்டுக்கட்டாகச் செல்லாத கிழிந்த நோட்டு. டெக்ஸா நோட்டை எண்ணுகிறது, எது கிழிந்தது என்று பார்ப்பதில்லை.

கிழிவது எப்படி என்றால், எலும்பு வெறும் சுண்ணாம்பு கிடையாது. உள்ளே கொலாஜன் என்ற புரத நார் பின்னிக் கிடக்கிறது, அதன் மேல்தான் தாது படிந்திருக்கிறது. அடி விழும்போது கொஞ்சம் வளைந்து கொடுத்து வேகத்தை உள்வாங்குவது அந்த நார்தான். ரத்தத்தில் சர்க்கரை மிதமிஞ்சி இருந்தால் அது இந்த நாரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு நாரை இன்னொன்றோடு கண்டபடி முடிச்சுப் போட்டுவிடுகிறது. நார் வளையாது, முறியும். மூன்று மாச சர்க்கரை டெஸ்ட் என்று எடுக்கிறோமே, ஹெச்பிஏ1சி, அதுவும் இதே ஒட்டும் வேலையைத்தான் அளக்கிறது, ஹீமோகுளோபின் மேல் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று. சிவப்பணுவுக்கு ஆயுசு சுமார் 120 நாள். ஒட்டிய சர்க்கரையும் அதோடு போய்விடும். எலும்பு நார் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் 9.8 என்று இருந்தது இப்போது 7 ஆகிவிட்டது என்று ரத்தம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், எலும்பு இன்னும் பழைய பாக்கியைத்தான் சுமந்துகொண்டு நிற்கும்.

இதில் இன்னொரு கோளாறும் சேர்கிறது. உடம்பு பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிது கட்டிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதிதாகிறது. டைப் 2வில் இந்த வேலை மந்தமாகிவிடுகிறது. அரிப்பதும் குறைவு, கட்டுவதும் குறைவு. தினசரி நடையில் விழும் நுண்ணிய கீறல்கள் ரிப்பேர் ஆகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. வெளிச்சுவரில் சன்னத் துளைகளும் விழுகின்றன. அடர்த்தி எண்ணில் இவை ஒன்றும் தெரியாது. 2011ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. சர்க்கரை உள்ள பெண்ணின் டி-ஸ்கோரைச் சுமார் அரைப் புள்ளி கீழே இறக்கிப் படித்தால்தான் இடுப்பு முறிவு அபாயம் மற்றப் பெண்களோடு ஒத்துப்போகிறது. என் இடுப்பு மைனஸ் 1.2 என்றால், மைனஸ் 1.7 என்று படிக்க வேண்டும்.

என் தங்கை மகளுக்கு நேர்மாறு. அவளுக்கு டைப் 1, சின்ன வயதிலேயே வந்துவிட்டது. இப்போது முப்பதுகளில் இருக்கிறாள். "பெரியம்மா, உங்களுக்கு எலும்பு இருந்து உடையுது, எனக்கு எலும்பே கம்மி" என்று சிரிக்கிறாள். அவள் சொல்வது சரிதான். இன்சுலினும் எலும்பு வளர உதவும் ஹார்மோன். பருவ வயதிலிருந்து முப்பதுவரைக்கும்தான் உடம்பு எலும்பைச் சேர்த்து வைக்கும். அந்த வருஷங்களிலேயே இன்சுலின் இல்லாமல் போனால் கஜானா நிறையவே நிறையாது. டைப் 1ல் அடர்த்தி நிஜமாகவே குறைகிறது, இடுப்பு முறிவு அபாயம் பல மடங்கு, இளவயதிலேயே. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு டி-ஸ்கோர் பார்ப்பதில்லை, அவர்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடும் ஸெட்-ஸ்கோர்தான். அவளுக்கு அது மைனஸ் 2க்குக் கீழே. டைப் 1காரர்களுக்குக் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும் கூடவே வருவதுண்டு, அது இருந்தால் தின்னும் கால்சியம் குடலில் ஏறாது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை இல்லை.

என் டாக்டரம்மா அடுத்து செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃப்ராக்ஸ் என்று இணையத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2008ல் வெளியிட்டது, இந்தியாவுக்கும் தனியாக உண்டு. வயது, எடை, உயரம், முன்னால் எலும்பு உடைந்ததா, அப்பா அம்மாவுக்கு இடுப்பு உடைந்ததா, புகை, ஸ்டீராய்டு என்று வரிசையாகக் கேட்டு, அடுத்த பத்து வருஷத்தில் எலும்பு முறிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும். அதில் டைப் 2 சர்க்கரைக்குக் கட்டமே இல்லை. முடக்குவாதத்துக்கு இருக்கிறது. டாக்டர் சாவகாசமாக அந்த முடக்குவாதக் கட்டத்தில் டிக் அடித்தார். "எனக்கு அது இல்லையே டாக்டர்" என்றேன். "சர்க்கரைக்குக் கிட்டத்தட்ட அதே எடை வரும்மா, எல்லாரும் இப்படித்தான் சமாளிக்கிறோம்" என்றார். உலகம் முழுக்க டாக்டர்கள் செய்யும் குறுக்கு வழியாம் இது. ஆடிட் பார்ட்டி வந்திருந்தால் அப்ஜெக்ஷன் எழுதியிருக்கும். சர்க்கரைக்காரர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் ஒரு கட்டம் போட இவ்வளவு காலமா? 2023ல் வந்த ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக, ஆய்வில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் மட்டும் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அந்தக் கல்யாண மண்டபத்தில் பாயசத்தை வேண்டாம் என்று சொன்னவர்களை எண்ணினாலே தெரிந்திருக்கும்.

அடுத்து மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. நம் ஊரில் லட்சக்கணக்கானோர் விழுங்குவது, விலையும் குறைவு. மூன்றாவது பேர்தான் எலும்புக்கு ஆகாதது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மூலச் செல்கள் எலும்பு கட்டும் செல்லாகவும் மாறலாம், கொழுப்புச் செல்லாகவும் மாறலாம். இந்த மருந்துக் குடும்பம் அவற்றைக் கொழுப்புப் பக்கம் தள்ளிவிடுகிறது. இதன் அண்ணன் ரோசிகிளிட்டசோனை வைத்து நடந்த அடாப்ட் என்ற சோதனை 2006ல் வெளியானது. அந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்களில் 9.3 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. மெட்ஃபார்மினில் 5.1, கிளைபுரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தில் 3.5. ரோசிகிளிட்டசோனை இந்தியாவில் 2010ல் தடை செய்துவிட்டார்கள், அதுவும் இதயக் கோளாறுக்காக. பயோகிளிட்டசோனை 2013 ஜூனில் நிறுத்தி, அடுத்த மாசமே எச்சரிக்கையோடு திரும்ப விட்டார்கள். அப்போது பேச்செல்லாம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றித்தான், எலும்பைப் பற்றி மூச்சில்லை. எனக்கு அதை நிறுத்தி வேறு மாற்றிக் கொடுத்தார். நீங்களாக நிறுத்தாதீர்கள், சர்க்கரை எகிறிவிடும். அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு, "மாதவிலக்கு நின்ற எனக்கு இது தேவையா" என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேளுங்கள், போதும்.

பாதத்தையும் பார்த்தார்கள். ஒரு நைலான் இழை, தூரிகை முடி மாதிரி. பாதத்தில் வைத்து அழுத்தினால் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, டெஸ்ட் எடுத்த பெண் ஒவ்வொரு இடமாக வைத்தாள். "தொடும்போது சொல்லுங்கம்மா." நான் காத்துக்கொண்டிருந்தேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து. கண்ணைத் திறந்தால் இழை என் வலது கட்டைவிரல் அடியில் வளைந்து நிற்கிறது. செருப்பு கழன்றது ஏன் தெரியவில்லை என்பதற்கு அங்கே விடை கிடைத்தது. சர்க்கரைக்காரர்களின் எலும்பு முறிவில் பாதிக் கதை எலும்பில் இல்லை, விழுவதில்தான் இருக்கிறது. மரத்த கால், கண்ணில் ரெட்டினா கோளாறு, ராத்திரி இரண்டு மூன்று தரம் பாத்ரூம் போவது, விடிகாலையில் சர்க்கரை இறங்கி வரும் தள்ளாட்டம். பாத்ரூமில் பிடிகம்பி வைப்பதற்குக் கொத்தனார் கேட்டது டெக்ஸாவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. குதிகாலைச் சுற்றி வார் உள்ள செருப்பு வாங்கிவிட்டேன். கோயில் வாசலில் கழற்றி மாட்ட நேரமாகிறது, நிற்கட்டும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு சண்டை மட்டும் போட்டுவிடுகிறேன். கால்சியம் என்றதும் எல்லாரும் கேழ்வரகு என்கிறார்கள். உண்மைதான், நூறு கிராமில் முந்நூற்றைம்பது மில்லிகிராமுக்குப் பக்கம் இருக்கிறது, அரிசி கிட்டேயே வராது. ஆனால் அதைக் கூழாகக் கரைத்து ஒரு சொம்பு குடித்தால் சர்க்கரை எகிறும், எனக்கு எகிறியது. தானியம் தானியம்தான். நாளைக்கு ஆயிரம் மில்லிகிராம் வேண்டும் என்று ஐசிஎம்ஆர் சொல்கிறது, மாதவிலக்கு நின்றவர்களுக்கு 1200. நான் அதைத் தயிர், மோர், எள்ளுப்பொடி, முருங்கைக்கீரை, வாரத்தில் ஒரு நாள் அகத்திக்கீரை என்று பிரித்துக்கொண்டேன். தங்கை வீட்டில் நெத்திலிக் கருவாடு, எங்கள் வீட்டில் அது இல்லை. விடியற்காலை வாக்கிங்கில் வைட்டமின் டி கிடைக்கும் என்பதும் கதை. நம் பக்கம் காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டுவரை வெயிலில்தான் தோலில் அது உருவாகும். திருச்சி வெயிலில் அந்த நேரம் யார் நிற்பது? ரத்தத்தில் அந்த வைட்டமின் அளவு பார்த்து, டாக்டரம்மா வாரம் ஒரு அறுபதாயிரம் யூனிட் பாக்கெட் எட்டு வாரம் கொடுத்தார். தெருவில் ஒருவர் அதை ஒரு வருஷமாக வாரா வாரம் விடாமல் சாப்பிடுகிறார். அது கொழுப்பில் சேரும் வைட்டமின், அப்படித் தின்னக்கூடாது.

இலவச முகாம்களில் குதிகாலைச் சின்ன மெஷினுக்குள் வைத்து "எலும்பு வீக்" என்று சீட்டுக் கொடுப்பார்கள். அது அல்ட்ராசவுண்ட். மேலே சொன்ன மைனஸ் 2.5 கோடு அதற்குப் பொருந்தாது. சீட்டைப் பார்த்து மிரள வேண்டாம், அங்கேயே கால்சியம் டப்பாவும் வாங்க வேண்டாம்.

அமெரிக்க நீரிழிவு சங்கம் 2024ல் முதன்முறையாக எலும்புக்கென்று வழிமுறையில் தனிப் பகுதி சேர்த்தது. 65 வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களும், அபாயம் உள்ள இளையவர்களும் டெக்ஸா எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு மைனஸ் 2.5ல் யோசிக்கும் மருந்தை இவர்களுக்கு மைனஸ் 2லேயே யோசிக்கலாம். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு உடைந்திருந்தால் எண் எப்படி இருந்தாலும் யோசிக்கலாம். நான் அந்தக் கடைசி வகை. வருஷத்துக்கு ஒரு தரம் நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரானிக் ஆசிட் என்று பேச்சு ஓடுகிறது. எலும்பு அரிப்பைக் குறைக்கும் மருந்து அது. "எனக்கு ஏற்கெனவே மந்தமா நடக்கிற வேலையை இன்னும் மந்தமாக்கலாமா டாக்டர்" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். இந்த வகை மருந்துகளை வைத்து நடந்த சோதனைகளில் இருந்த சர்க்கரைக்காரர்களுக்கும் மற்றவர்களைப் போலவே பலன் கிடைத்திருக்கிறது என்றார். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற எண் பார்த்தாயிற்று, அது 35க்குக் கீழே இருந்தால் இந்த ஊசி கிடையாது, எனக்கு அதற்கு நல்ல மேலேயே இருக்கிறது. வைட்டமின் டி ஏறிவிட்டது. பாக்கி இருப்பது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று, ரொம்ப நாளாக ஆடுகிறது. ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போய்விடுமாம். அதனால் வருகிற வியாழக்கிழமை பல் டாக்டர், புண் ஆறின பிறகு ஊசி.